சட்டைப் பைக்குக் கொஞ்சம் பெரிது, வீட்டுக்குச் சரியான அளவு: சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3

வீட்டில் எடுக்கும் குடும்பப் படங்கள் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் இரண்டுதான்: வெளிச்சம் போதவில்லை, பிள்ளை நின்ற இடத்தில் நிற்கவில்லை. பட்டப்பகலில் மொட்டை மாடியில் எடுப்பதென்றால் இன்றைய போனே போதும். அதற்காகத் தனியாக ஒரு கேமரா வாங்குவது வீண் செலவு. சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. போன் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றாகச் சேர்த்துத்தான் இருட்டைச் சமாளிக்கிறது. சுவரும் சோபாவும் அதற்கு ஒத்துழைக்கும். கேக்கை நோக்கிப் பாய்கிற மூன்று வயதுப் பிள்ளை ஒத்துழைக்காது.

கடையில் போய் 'சின்னதா ஒரு கேமரா' என்று கேட்டால் கேனன் இக்ஸஸ் 285 எச்எஸ், சோனி டபிள்யூ830, கோடக் பெயரில் வரும் எஃப்இசட்55 போன்றவற்றைத்தான் முதலில் காட்டுவார்கள். இக்ஸஸ் பெட்டியின் மேல் 20 மெகாபிக்சல் என்றும் 12 மடங்கு ஜூம் என்றும் பெரிதாகப் போட்டிருக்கும். அதை விட்டுவிட்டு, லென்ஸைச் சுற்றிப் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணைப் படியுங்கள். இதுதான் 'எஃப்' எண், சிறியதாக இருந்தால் லென்ஸ் அகலமாகத் திறக்கும். இக்ஸஸ் 285இல் அது 3.6 முதல் 7.0 வரை. ஆர்எக்ஸ்100 மார்க் 3இல் 1.8 முதல் 2.8 வரை. இந்த எண் பாதியானால் உள்ளே வரும் வெளிச்சம் நான்கு மடங்காகும்.

அடுத்து சென்சார், அதாவது வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லு. மேலே சொன்ன சின்னக் கேமராக்களில் இருப்பது ஏறக்குறைய 6.2க்கு 4.6 மி.மீ., அதாவது 28 சதுர மி.மீ. சென்சார். ஆர்எக்ஸ்100இல் 13.2க்கு 8.8 மி.மீ., அதாவது 116 சதுர மி.மீ. பரப்பிலும் நான்கு மடங்கு. (இதற்கு '1 அங்குல சென்சார்' என்று பெயர். ஆனால் எந்தப் பக்கமும் ஒரு அங்குலம் இல்லை, மூலைக்கு மூலை அளந்தாலே 16 மி.மீ.தான். வெற்றிடக் குழாயில் காட்சி பிடித்த காலத்து அளவுமுறை இன்னும் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.) லென்ஸுக்கு நாலு, சென்சாருக்கு நாலு, மொத்தம் பதினாறு மடங்கு. அதே ஹாலில், அதே அளவு புள்ளிக் கறையோடு (இருட்டுப் படங்களில் தெரியும் பொடிப்புள்ளிகள்), இக்ஸஸ் 1/15 நொடியில் எடுக்கிற படத்தை ஆர்எக்ஸ்100 மார்க் 3 ஏறக்குறைய 1/250 நொடியில் எடுத்துவிடும். 1/15இல் சிரிப்பு இழுபட்டுப் போகும். 1/250இல் தூக்கிய கை தூக்கிய இடத்திலேயே நிற்கும். இந்தக் கேமராவைப் பரிந்துரைப்பதற்கு இந்த ஒரு கணக்கே காரணம்.

இது 2014இல் வந்த மாடல். அமெரிக்காவில் அப்போது 800 டாலர். இன்று பெரும்பாலும் பழைய கேமராவாகத்தான் கைக்கு வரும். இதற்குப் பிறகு மார்க் 4 முதல் 7 வரை வந்துவிட்டன. அவற்றில் வேகமான ஃபோகஸும் 4கே வீடியோவும் கூடின, விலையும் கூடியது. வீட்டுக்குள் எடுக்கிற படத்துக்கு மூன்றாவதே போதும். இதற்கு முந்தைய முதல் மாடல் (2012) இன்னும் மலிவு. ஆனால் அதில் ஜூம் செய்தால் எண் 4.9க்குப் போய்விடும், திரை மடங்காது, வைஃபையும் கிடையாது.

எடை பேட்டரியோடு 290 கிராம். நீளம் 10 செ.மீ., தடிமன் 4 செ.மீ. சட்டைப் பையில் போட்டால் துணி இழுத்துத் தொங்கும். பேன்ட் பையிலோ கைப்பையிலோ அடங்கும். பின்திரை மேல்நோக்கி 180 டிகிரி திரும்புவதால் எல்லோரும் சேர்ந்து நிற்கும் படத்துக்கு ஆள் தேடவேண்டாம். தரையில் தவழும் குழந்தையை அதன் கண் உயரத்தில் எடுக்கவும் இந்தத் திரைதான் கைகொடுக்கும். குப்புறப் படுக்க வேண்டியதில்லை.

வாங்கிய அன்றே மாற்றிவிட வேண்டிய அமைப்புகள் சில உண்டு. பச்சை நிற ஆட்டோ மோடில் வைத்தால் பிள்ளை ஓடுகிறது என்று எப்போதும் இது உணர்வதில்லை. வெளிச்சம் குறைந்தால் ஷட்டரை மெதுவாக்கிவிடும். அதனால் வீட்டுக்குள் டயலை 'எஸ்'ஸில் (ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் மோடு) வையுங்கள். ஷட்டர் வேகம் 1/250. ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை எவ்வளவு பெருக்கிக் காட்டும் என்ற அளவு) ஆட்டோவில் விட்டு, மேல் வரம்பை 3200 என்று கட்டிவிடுங்கள். 6400இல் தோலின் நிறம் மெழுகுபோல் ஆகத் தொடங்கும். படம் இருட்டாக வந்தால் வேகத்தை 1/125க்கு இறக்கலாம். உட்கார்ந்து பேசும் பெரியவர்களுக்கு அது போதும். தூங்கும் குழந்தைக்கு 1/60 கூடப் போதும். லென்ஸுக்குள் இருக்கும் நடுக்கத் தடுப்பு (சோனி வைத்த பெயர் ஸ்டெடிஷாட்) உங்கள் கை ஆடுவதைத்தான் பிடிக்கும், எதிரே இருப்பவர் அசைவதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. 'இதில்தான் ஸ்டெடிஷாட் இருக்கிறதே, பிறகேன் மங்கலாக வருகிறது?' என்று கேட்பவர்கள் நிறையப் பேர்.

முக அடையாளத்தை இயக்கி வையுங்கள். வீட்டுப் பிள்ளைகளின் முகங்களைப் பதிவுசெய்துவிட்டால் கூட்டத்தில் அந்த முகங்களுக்கே ஃபோகஸ் முன்னுரிமை கொடுக்கும். ஃபோகஸுக்கு உதவியாக எரியும் ஆரஞ்சு விளக்கை அணைத்துவிடுங்கள், கைக்குழந்தையின் கண்ணைக் கூசவைக்கும். ஒலிக்குறிப்பையும் நிறுத்துங்கள். ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் பீப் சத்தத்தை அணைத்த பிறகு காதில் விழுவது ஒரு மெல்லிய 'டிக்' மட்டும்தான். தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எடுக்க இதைவிட வசதி வேண்டாம்.

லென்ஸைச் சுற்றியிருக்கும் வளையத்துக்கு 'ஸ்டெப் ஜூம்' கொடுத்தால் 24, 28, 35, 50, 70 மி.மீ. என்று படிப்படியாக நிற்கும் (எண் கூடக்கூடக் காட்சி நெருங்கும்). முகம் மட்டும் எடுப்பதென்றால் 50 அல்லது 70இல் நின்று, இரண்டடி பின்னால் போய் எடுங்கள். 24இல் வைத்து முகத்தை நெருங்கினால் மூக்கு பெருத்துக் காது சிறுத்துவிடும். குழந்தையின் விரலை ஃபிரேம் நிறைய எடுக்க வேண்டுமானால் மட்டும் 24க்குப் போங்கள், அங்கேதான் 5 செ.மீ. வரை நெருங்க முடியும். 70இல் 30 செ.மீ.க்குக் குறைந்தால் ஃபோகஸ் ஆகாது. இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: 1.8 என்பது 24இல் மட்டும்தான். கொஞ்சம் ஜூம் செய்ததுமே 2.8க்கு வந்துவிடும். இருட்டு அதிகமானால் ஜூமைச் சுருக்கி, காலால் முன்னே போவதே வழி.

ஃபிளாஷைப் பற்றி ஒரு நல்ல செய்தி. இது மேலே எழும்பி நிற்கும் செனான் ஃபிளாஷ். ஆள்காட்டி விரலால் பின்னுக்குச் சாய்த்துப் பிடித்தால் வெளிச்சம் கூரைக்குப் போய்த் திரும்பி மென்மையாக விழும். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த, பத்தடிக்கு மேற்படாத கூரை வேண்டும். ஐஎஸ்ஓ 800இலிருந்து 1600க்குள் வையுங்கள், இல்லாவிட்டால் வெளிச்சம் எட்டாது. சுவரில் கருநிழல் விழாது, கண்ணும் சிவக்காது. மரக்கூரை, ஓட்டுக்கூரை, பச்சை வண்ணமடித்த கூரை என்றால் இந்த வித்தை பலிக்காது. அந்த நிறமே முகத்திலும் வந்துவிடும்.

வெயிலில் இதன் இன்னொரு குணம் தெரியும். லென்ஸுக்குள் ஷட்டர் இருப்பதால் 1/2000 வரை எந்த வேகத்திலும் ஃபிளாஷ் ஒத்துப்போகும். நண்பகலில் கோயில் வாசலில் வானம் பின்னால் இருக்க எல்லோரையும் நிறுத்தினால் முகங்கள் கறுத்துப்போகும் அல்லவா? ஃபிளாஷைக் கட்டாயமாக எரியவைத்து ஆறடிக்குள் நின்று எடுத்தால் வானமும் வெளுக்காது, முகமும் தெரியும். போனில் இருக்கும் எல்இடி விளக்கால் அந்த வெயிலுக்கு ஈடுகொடுக்க முடியாது.

வீடியோவில் 4கே இல்லை, 1080 மட்டும்தான். எக்ஸ்ஏவிசி எஸ் என்ற சோனியின் உயர்தர வீடியோ வடிவில் எடுக்க எஸ்டிஎக்ஸ்சி வகைக் கார்டு வேண்டும், 64 ஜிபி வாங்குங்கள். வீட்டில் இருக்கிறதே என்று பழைய 16 ஜிபி கார்டைப் போட்டால் அந்த வடிவத்தில் பதிவு ஆகாது. அதன் வேகம் 50 எம்பிபிஎஸ் (நொடிக்கு 50 மெகாபிட்) என்றால் நிமிடத்துக்கு 375 எம்பி. 64 ஜிபியில் ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் அடங்கும். ஒரே கிளிப் 29 நிமிடத்தில் நின்றுவிடும், அரங்கேற்றம் எடுப்பவர்கள் கவனிக்கவும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு நூறு முறை மினுங்கும். ஆகவே 50பி அல்லது 25பியில் (நொடிக்கு 50 அல்லது 25 ஃபிரேம்), ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்து எடுத்தால் திரையில் பட்டைகள் ஓடாது.

எரிச்சலூட்டும் விஷயங்களும் இருக்கின்றன. உடல் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். ஒட்டும் வகைப் பிடி தனியாகக் கிடைக்கிறது, அதையும் சேர்த்து வாங்குங்கள், மணிக்கட்டுக் கயிறும் கட்டுங்கள். திரை தொடுதிரை இல்லை. மெனு ஒரு காடு. எழும்பி நிற்கும் வ்யூ ஃபைண்டரை (கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு திரை) மேலே தள்ளிய பிறகு, கண் பக்கமாக வெளியே இழுத்தால்தான் தெளிவாகத் தெரியும். பாதிப் பேர் இழுக்காமலேயே 'மங்கலா இருக்கு' என்று சொல்லிவிடுவார்கள். அதை உள்ளே அழுத்தினால் கேமராவே அணைந்துவிடும். இப்படி யாருக்குத் தோன்றியதோ! அடுத்த மாடலில் இதை மாற்றிக்கொள்ள வழி வைத்தார்கள்.

பேட்டரி என்பி-பிஎக்ஸ்1. முழு சார்ஜுக்கு 320 படங்கள் என்பது கணக்கு, வீடியோவும் எடுத்தால் அதில் பாதி வரும். மைக்ரோ யுஎஸ்பி வழியாகக் கேமராவுக்குள்ளேயே சார்ஜ் ஆகும், ஆனால் காலியிலிருந்து நிறைய ஏறக்குறைய நான்கு மணி நேரம் பிடிக்கும். தனி சார்ஜரும் இரண்டாவது பேட்டரியும் இருந்தால் விசேஷ நாளில் நிம்மதி. மார்க் 7இலும் இதே பேட்டரிதான் என்பதால் புதிதாகக் கிடைப்பதில் சிரமமில்லை. போனுக்குப் படம் மாற்ற வைஃபை இருந்தாலும் பத்துப் படத்துக்கு மேல் என்றால் பொறுமை போகும். கார்டு ரீடர் ஒன்றை போனில் சொருகுவது எளிது.

பழைய கேமரா வாங்கும்போது பத்து நிமிடமாவது கையில் வைத்துப் பாருங்கள். பத்து முறை அணைத்துப் போடுங்கள். லென்ஸ் நீளும்போது கரகரவென்றால் மணல் போயிருக்கிறது, அப்படியே திரும்பக் கொடுத்துவிடலாம். லென்ஸை மூடும் இதழ்கள் முழுதாகத் திறக்கின்றனவா? பிறகு 'ஏ' மோடில் (எஃப் எண்ணை நாமே வைப்பது) எஃப் 11, ஐஎஸ்ஓ 125 வைத்து வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்குங்கள். சாம்பல் நிறப் பொட்டுகள் ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் இருந்தால் சென்சாரில் தூசி. இந்தக் கேமராவில் லென்ஸைக் கழற்றித் துடைக்க முடியாது. முழுதாகப் பிரித்துத்தான் ஆகவேண்டும், அந்தக் கூலியை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். சுவரில் ஒரு செய்தித்தாளை ஒட்டி 24இல், எஃப் 4இல் நேராக எடுங்கள். ஒரு பக்க எழுத்து மட்டும் மங்கினால் எப்போதோ கீழே விழுந்த கேமரா. திரையை மடக்கி நிமிர்த்தும்போது படம் துடித்தால் உள்ளே இருக்கும் ரிப்பன் கேபிள் தேய்ந்திருக்கிறது. யுஎஸ்பி சொருகியதும் ஆரஞ்சு விளக்கு நிலையாக எரிய வேண்டும், மினுக்மினுக் என்றால் பேட்டரியிலோ இணைப்பிலோ கோளாறு. பேட்டரி இறுக்கமாக வெளியே வந்தால் உப்பியிருக்கிறது. கடைசியாக லென்ஸை முழுதாக நீட்டி போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இது எல்லோருக்கும் ஒத்துவராது. பள்ளி ஆண்டு விழாவில் பின்வரிசையில் உட்கார்ந்து மேடையை எடுக்க 70 போதாது. பணம் தடையில்லை என்றால் 24 முதல் 200 வரை போகும் மார்க் 7 பாருங்கள், ஆனால் அதன் லென்ஸ் எண் 2.8இலிருந்து 4.5 என்பதால் வீட்டுக்குள் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். தொடுதிரை வேண்டும் என்பவர்களுக்குக் கேனன் ஜி7 எக்ஸ் மார்க் 2 நல்ல மாற்று: அதே அளவு சென்சார், 24 முதல் 100 வரை, எண் 1.8 முதல் 2.8, வ்யூ ஃபைண்டர் மட்டும் இல்லை. கடலுக்கும் நீச்சல் குளத்துக்கும் ஓஎம் சிஸ்டம் டிஜி-7, 15 மீட்டர் ஆழம் தாங்கும். பத்து வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்கத்தான் கேமரா என்றால் இக்ஸஸே சரி. ஆனால் 2025இல் மறுபடி வந்த 285 எச்எஸ் ஏ மாடலில் மைக்ரோ எஸ்டி கார்டுதான் போடமுடியும், பழைய 285இன் கார்டு அதற்குச் சேராது.

சென்னை, கொழும்பு, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் தோல் உறைக்குள் போட்டு அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள், பூஞ்சைக்கு அதைவிடச் சுகமான வீடு கிடையாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் 50 கிராம் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், வாரத்துக்கு ஒருமுறையாவது எடுத்து நாலு படம் எடுங்கள். ஜெல் நிறம் மாறிவிட்டால் சூடுகாட்டி ஈரம் போக்கித் திரும்பப் பயன்படுத்தலாம். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு இருப்பதால் சமையல் வாணலியில் மட்டும் வறுக்க வேண்டாம், அதற்கென்று ஒரு பழைய தகரத் தட்டை ஒதுக்கிவிடுங்கள்.