படகுப் போர்வை: பருத்திக் கித்தானா, பி.வி.சி. படுதாவா?

மச்சானும் நானும் கூட்டாக வாங்கிய சிறிய ஃபைபர் படகு தொண்டியில் நிற்கிறது. நாங்கள் இருப்பது தேவகோட்டையில். படகைவிட அதன் போர்வைதான் எங்களுக்கு அதிக வேலை வைத்தது. முதலில் போட்டது லாரிகளுக்குப் போடும் பி.வி.சி. பூசிய படுதா. மூன்று ஆண்டுகள் கழித்து அதைக் கழற்றிவிட்டுப் பருத்திக் கித்தானுக்கு, அதாவது கேன்வாஸ் துணிக்கு, மாறினோம். கித்தானுக்கு இது ஐந்தாவது ஆண்டு. ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

விலையில் படுதா மலிவு. மழையைத் தடுப்பதிலும் அதுவே உறுதி. கித்தான் நனைந்துவிட்டால் தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். கழுவுவதிலும் படுதாவுக்கே முதலிடம். சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, நல்ல தண்ணீர் ஊற்றினால் வேலை முடிந்தது. கறையைப் போக்கப் பெட்ரோலோ தின்னரோ தடவினால் மட்டும், பூச்சை நெகிழ்வாக வைத்திருக்கும் பொருள் வெளியேறி அந்த இடம் விறைத்து வெடிக்கும்.

இவ்வளவு நல்லதையும் ஏன் கழற்றினோம் என்றால், படுதா மூச்சு விடாது. பகலில் படகின் அடியில் தேங்கிய நீர் ஆவியாகி, இரவில் குளிர்ந்த படுதாவின் உட்புறத்தில் முத்து முத்தாகத் திரண்டு, விடியற்காலையில் எஞ்சினின் மேல் சொட்டிக்கொண்டிருக்கும். வெளியே ஒரு துளி மழை இல்லாத நாளிலும் உள்ளே ஈரம். மூன்றாம் ஆண்டு முடிவில் எஞ்சின் திருகாணிகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்ததைப் பார்த்த பிறகுதான், மழையைத் தடுப்பது போர்வையின் பாதி வேலை என்பது எங்களுக்கு உறைத்தது. கித்தானில் நீராவி நூலிடுக்கு வழியே வெளியேறிவிடுகிறது. மழை பெய்யும்போதோ பருத்தி நூல் நீரில் பருத்து அந்த இடுக்கை அடைத்துக்கொள்கிறது.

ஆனால் கித்தானுக்கு ஒரு நிபந்தனை உண்டு: அதைக் காயவைக்க வேண்டும். என் அனுபவத்தில் இந்த ஒன்றுதான் இரண்டுக்கும் இடையே தீர்ப்புச் சொல்கிறது. கடற்காற்றில் படியும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், உப்பேறிய பருத்தி கடற்கரையிலேயே கிடக்கும்வரை முழுதாகக் காய்வதில்லை; காயாத பருத்தியில் பூஞ்சணம் பிடித்து, துணி இற்றுப்போகும். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ள ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான நாட்களில் துறையில் உதவிக்கு ஆள் கிடைக்கும் என்பதால், அப்போது போர்வையைக் கழற்றித் திருவாடானை வழியாகத் தேவகோட்டைக்குக் கொண்டுவந்துவிடுவோம். அந்த வெயிலுக்கு எங்கள் ஊரை மிஞ்ச முடியாது.

முதலில் உலர்ந்த நிலையிலேயே தூசியையும் பறவை எச்சத்தையும் பிரஷால் தட்டி எடுத்துவிட்டு, உப்பு கரையும்வரை பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலச வேண்டும். வெந்நீர் கூடாது, கித்தான் சுருங்கும். சலவைத்தூளும் கூடாது, நீர் இறங்காமலிருக்க ஏற்றிய மெழுகைக் கழுவிக்கொண்டு போய்விடும். எங்கள் கிணற்று நீர் கடினமானது. சோப்புப் போட்டால் திரிதிரியாகப் படிந்து அழுக்கைப் பிடித்துவைக்கிறது. பட்டுப் புடவைக்கு ஊறவைக்கும் பூந்திக்கொட்டை நீர் அப்படித் திரிவதில்லை என்பதால் அதையே பயன்படுத்துகிறோம்.

முதல் ஆண்டு, பூஞ்சணப் புள்ளிகளை வினிகரால் துடைக்கலாம் என்று கித்தானை வீட்டு முற்றத்தை ஒட்டிய வளவுத் தாழ்வாரத்தில் விரித்தது என் தவறு. அங்கே தரையில் பதித்திருக்கும் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் ஆனது; புளிப்பு பட்டால் அரிக்கும். கீழே கசிந்த வினிகர், சிவப்புப் பூவின் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு மெருகைத் தின்றுவிட்டது. ஆச்சி அதன் மேல் ஒரு மணையைப் போட்டு மறைத்தார்கள். வீட்டுக்கு வருபவர்களிடம் மணையை நகர்த்திக் காட்டுவதும் அவர்கள்தான். இப்போது வினிகர், புளி, எலுமிச்சை மூன்றுக்கும் கிணற்றடிக் கருங்கல்லோடு சரி.

காய்ந்ததா என்பதைத் துணியின் நடுவில் தொட்டுப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மூன்று மடிப்பாகத் தைத்த ஓரம்தான் கடைசியாகக் காயும். அங்கே கட்டைவிரலால் அழுத்திக் கன்னத்தில் வைத்தால், சில்லென்று இருக்கும்வரை இன்னொரு நாள் வெயில் வேண்டும். அதன் பிறகே மெழுகுக் கரைசலைப் பூசுகிறோம்.

கயிறு கோக்கும் கண்வளையங்களில் இரண்டு போர்வைக்கும் ஒரே விதிதான். படுதாவோடு வந்தவை துத்தநாகம் பூசிய இரும்பு. பூச்சு போனதும் துரு ஒழுகி, ஓரம் முழுவதும் காவி நிறமானது. கித்தானுக்குப் பித்தளை வளையம் போட்டோம். ஆனால் அதில் இரும்புக் கொக்கியை மாட்டியதால், உப்பு நீரில் இரு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்பு வேகமாகக் கரையும் என்ற பாடத்தை ஒரே மழைக்காலத்தில் கற்றோம். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் பக்கத்துக் காரைக்குடியில் இருக்கிறது. உலோக அரிப்பு அங்கே ஒரு முக்கிய ஆய்வுத்துறை. அதன் நிழலில் இருந்துகொண்டு இந்தத் தவறைச் செய்தோம் என்பதுதான் வெட்கம். இப்போது கொக்கியே கிடையாது, கயிறு மட்டும். வளையத்தைப் புளி போட்டுத் தேய்க்கும்போது துணியில் புளி படாதபடி, பழைய நாள்காட்டி அட்டையில் வளையத்தின் அளவுக்கு ஓட்டை வெட்டிச் செருகிக்கொள்கிறேன்.

அக்ரிலிக் கித்தான் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. எளிதில் மட்காத இழை, நூலாக்கும்போதே சாயம் ஏற்றுவதால் வெயிலில் சீக்கிரம் வெளுக்காது, மூச்சும் விடும். எஞ்சினுக்கு மட்டும் அதில் ஓர் உறை தைத்துப் போட்டு இரண்டு மழைக்காலம் ஆகிறது, இதுவரை குறையில்லை. அதை வைத்து முழுப் போர்வைக்கும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையில் இருந்துகொண்டு, திருவிழாவுக்கு மட்டும் ஊருக்கு வருபவர்கள் கித்தானை வாங்க வேண்டாம். ஈரத்தோடு ஒருமுறை மடித்துப் பூட்டினாலே அது கெடத் தொடங்கிவிடும். அவர்கள் படுதாவையே எடுத்து, பித்தளை வளையம் அடித்து, காற்றுப் போக இரு முனையிலும் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டட்டும்.