ஆகாயத்தாமரை கேட்டேன், வெங்காயத்தாமரை கொடுத்தார்கள்: மிதக்கும் செடிகளோடு மூன்று வருடம்

இரண்டடி மீன் தொட்டி, ஒரு ஃபைட்டர் மீன், கொஞ்சம் அனுபியாஸ் என்ற நீர்ச்செடி. ஆசைப்பட்டு வாங்கிய எல்.ஈ.டி. விளக்கில் வெளிச்சத்தைக் குறைக்க வழியே இல்லை. அனுபியாஸ் இலை முழுக்கப் பாசி, மீன் பகலெல்லாம் கட்டைக்குப் பின்னால். இன்னொரு விளக்குக்குச் செலவு செய்ய மனசில்லாமல், மேலே செடி மிதக்கவிடலாம் என்று இறங்கினேன்.

கடையில் ஆகாயத்தாமரை கேட்டேன். கவரில் வந்ததோ வழவழப்பான இலை, காம்பு வெங்காயம்போல உப்பல். அது வெங்காயத்தாமரை. கடைக்காரரைக் குறை சொல்லி என்ன, பேப்பரில்கூட இரண்டையும் ஆகாயத்தாமரை என்றுதான் எழுதுகிறார்கள். நிஜ ஆகாயத்தாமரைக்குக் காம்பே இருக்காது; சின்ன முட்டைக்கோஸ் விரிந்த மாதிரி, தொட்டால் வெல்வெட். பெயரைச் சொல்லிக் கேட்பதைவிடக் காம்பைப் பார்த்து வாங்குங்கள். வந்தது மூன்றே வாரத்தில் பழுத்துப்போனது.

அப்புறம் நிஜமானதே கிடைத்தது. வேர் ஒரு சாண் தொங்கும், மீன் அதற்குள் புகுந்து தூங்கும், பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் என் தொட்டிக்குக் கண்ணாடி மூடி. மூடியில் வேர்த்த தண்ணீர் இலைமேல் சொட்டிச் சொட்டி நடுக்குருத்து அழுகியது.

கடைசியில் நின்றது சால்வீனியா என்ற மிதக்கும் செடி. இலைகள் ஜோடியாக வரும், மேலே பொடி ரோமம், தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடும். கீழே வேர்போலத் தொங்குவது உண்மையில் மூன்றாவது இலை. வாங்கியதும் போன் கேமராவில் ரோமத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நுனிகள் ஒன்றுசேர்ந்து முட்டை அடிக்கும் கம்பி மாதிரி இருந்தால் அது கேரளத்துக் காயல்களை மூடிய ஆப்பிரிக்கன் பாயல் என்ற களை. என்னிடம் இருப்பதில் நுனிகள் பிரிந்தே நிற்கின்றன. எதுவானாலும் அள்ளியதை ஏரியிலோ சாக்கடையிலோ போடாதீர்கள். நான் மொட்டைமாடியில் காயவைத்து ரோஜாத் தொட்டிக்குப் போடுகிறேன்.

மச்சான் மாட்டுத் தீவனத்துக்கு வளர்க்கும் அசோலா என்ற மிதக்கும் செடியையும் ஒரு கை போட்டுப் பார்த்தேன். இலைக்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்தே நைட்ரஜன் பிடித்துக் கொடுப்பதால், தண்ணீரில் சேரும் நைட்ரேட்டை அது பெரிதாகத் தொடுவதில்லை. உதிர்ந்து ஃபில்டரை அடைத்ததுதான் மிச்சம்.

ஏர் ட்யூபை வளையமாக்கி, அதற்கு வெளியேதான் செடி. வளையத்துக்குள் தீவனமும் வெளிச்சமும். மேற்பரப்பில் பாதிக்கு மேல் விடமாட்டேன், ஞாயிறுதோறும் ஒரு கைப்பிடி அள்ளிவிடுவேன். ஒரு பொங்கலுக்குப் பத்து நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் வளையமே செடிக்கடியில் முங்கிக் கிடக்கிறது! ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் உள்ளங்கையளவு இடைவெளி. ஃபைட்டர் அங்கேயே நின்று காற்றுக் குடித்துக்கொண்டிருந்தது. தொட்டியின் பின்வரிசையில் நட்ட வாலிஸ்னேரியா செடி வெளிச்சமில்லாமல் பாதி மஞ்சள்.

மற்றபடி பாசி சுரண்டுவது வாரத்திலிருந்து மாதத்துக்குப் போய்விட்டது. மீனும் வெளியே வந்து, இலைக்கடியில் நுரைக்கூடு கட்டுகிறது.

ஒரே தீராத தலைவலி, சால்வீனியாவோடு ஒட்டிவந்த லெம்னா என்ற குட்டி மிதவைச் செடி. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய இலை, அடியில் ஒற்றை வேர். கை விட்டு எடுத்தால் முழங்கை வரை ஒட்டும். ஒன்று தப்பினாலும் திரும்ப நிறைந்துவிடும். இரண்டு வருடமாகப் பல்குச்சியால் பொறுக்குகிறேன்; இன்று காலையில் பதினொன்று.