பியானோ கிளாஸ்: மாதக் கணக்கு வேறு, நிமிடக் கணக்கு வேறு

மகளுக்கு எட்டு வயது நிறைந்ததும் பியானோ கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தாள். ஒரு மாதம் புதுச்சேரி முழுக்க விசாரித்து, நான்கு பேரிடம் டெமோ கிளாஸ் பார்த்தோம். எல்லாரிடமும் நான் முதலில் கேட்டது "மாசம் எவ்வளவு?" என்பதைத்தான். இப்போது யாராவது என்னிடம் விசாரித்தால், அதைக் கடைசியாகக் கேளுங்கள் என்று சொல்கிறேன்.

முதலில் கேட்க வேண்டியது, சொல்லித்தரப் போவது பியானோவா, கீபோர்டா என்பது. பியானோ கிளாஸ் என்று சொல்லி அழைத்த இடத்திலேயே உள்ளே 61 கட்டை கீபோர்டு இருந்ததைப் பார்த்தேன். பியானோவில் 88 கட்டை. வெள்ளை 52, கறுப்பு 36. எண்ணிக்கையை விட முக்கியம், விரல் விழும் விதம். பியானோவில் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தி கம்பியைத் தட்டும். மெதுவாக அழுத்தினால் மெல்லிய ஒலி, வேகமாக அழுத்தினால் பெரிய ஒலி. கீபோர்டு வாசிப்பில் பெரும்பாலும் இடது கை கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களை, பிடித்திருக்க, தாளத்தை இயந்திரமே போட்டுவிடும். இசைத் தேர்வு நடத்தும் டிரினிட்டி காலேஜ் லண்டன் இந்த இரண்டுக்கும் தனித்தனியாகத்தான் கிரேடு தேர்வு வைக்கிறது. கோயில் பாடற்குழுவிலோ கச்சேரிக் குழுவிலோ வாசிக்க ஆசைப்படும் பிள்ளைக்குக் கீபோர்டே சரியான வழி, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எது என்று தெரிந்துதான் பணம் கட்ட வேண்டும்.

சரி, நாங்கள் பார்த்த நான்கு பேர். ஃபீஸ் எல்லாம் எங்களுக்குச் சொன்னது. உங்களுக்குக் கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

மியூசிக் ஸ்கூல் ஒன்றில் மாதம் 1,800 ரூபாய். வாரம் இரண்டு கிளாஸ், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். இதுதான் மலிவு என்று அங்கேயே சேர்த்துவிட இருந்தேன். டெமோவில் ஆறு பிள்ளைகள் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தார்கள், டீச்சர் ஒருவர். அவர் என் மகளிடம் வந்து நின்றது பத்து நிமிடம். மாதம் எட்டு கிளாஸுக்கு 80 நிமிடம். வகுத்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 22 ரூபாய் 50 காசு. நான்கு பேரில் அதிக விலை இதுதான். கட்டைகள் மேலெல்லாம் எழுத்து ஸ்டிக்கர் வேறு ஒட்டியிருந்தார்கள். மகள் ஸ்டிக்கரைப் பார்த்துத் தட்டினாளே தவிர, எதிரில் இருந்த புத்தகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் வீட்டில் வாத்தியமே வாங்க முடியாத நிலை என்றால் அந்த ஒரு மணி நேரம் பயிற்சி நேரமாகவாவது ஆகும். அப்படிப்பட்ட வீட்டுக்கு நானே இதைச் சொல்வேன்.

வீட்டுக்கு வந்து சொல்லித்தரும் சார் ஒருவர் 4,000 ரூபாய் கேட்டார். எட்டு கிளாஸ், முக்கால் மணி நேரம். நிமிடத்துக்கு 11 ரூபாய் சொச்சம்தான். அலைச்சல் கிடையாது, பிள்ளை தன் வாத்தியத்திலேயே பழகும், நாமும் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். அற்புதமாக வாசிப்பவர். ஆனால் அந்த முக்கால் மணியில் பாதிக்கு மேல் அவரே வாசித்தார். மகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாக வாசிப்பவரும் நன்றாகச் சொல்லித்தருபவரும் ஒரே ஆளாக இருப்பார் என்று நானாக நினைத்திருந்தேன்.

ஆன்லைன் கிளாஸ் 3,000 ரூபாய், அரை மணி நேரமாக எட்டு. நிமிடத்துக்கு 12 ரூபாய் 50 காசு. கேமராவை மேலிருந்து கை தெரிகிற மாதிரி வைக்காவிட்டால் டீச்சருக்கு முகம்தான் தெரியும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் நாத்தனார் பையனுக்கு இதுதான் தோதாக அமைந்தது. வாரா வாரம் பஸ் பிடித்துப் பாண்டிக்கு வந்து போக அவர்களால் முடியாது. அவன் ஏற்கெனவே ஒரு வருஷம் நேரில் கற்றவன், அதனால் சமாளிக்கிறான். புதிதாகத் தொடங்கும் சின்னப் பிள்ளைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்காவது, முத்தியால்பேட்டையில் ஒரு அம்மா. நாம்தான் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். மாதம் 2,400 ரூபாய், வாரம் ஒரே ஒரு கிளாஸ், முக்கால் மணி நேரம். "நாலு கிளாஸுக்கு இவ்வளவா?" என்று வீட்டில் கேட்டார். நிமிடத்துக்கு 13 ரூபாய் சொச்சம். பழைய பியானோ, கடல் காற்றுக்குக் கம்பி துருப்பிடிக்கும் என்பதால் பராமரிப்புக்கே தனியாகச் செலவழிக்கிறார். டெமோவில் மகள் ஐந்து சுரம் வாசித்ததும் நிறுத்தச் சொன்னார். அவள் மணிக்கட்டுக்குக் கீழே தன் உள்ளங்கையை வைத்துச் சற்றே தூக்கினார். "பாப்பா, மோதிர விரல் படுத்துடுச்சு பார். அதை மட்டும் எழுப்பு." மறுபடி ஐந்து சுரம். பிறகு அதையே வாயால் பாடச் சொன்னார், பிறகு மறுபடி வாசிக்கச் சொன்னார். ஒரே வரியில் பத்து நிமிடம் போயிற்று. அந்தப் பத்து நிமிடமும் அவர் கண் அந்தக் கையை விட்டு நகரவில்லை. எனக்கே நாலாவது தடவையில் ஒலி வித்தியாசமாகக் கேட்டது.

தேர்வு பற்றியும் கேட்டுவிடுங்கள். டிரினிட்டி, அதைப் போலவே தேர்வு நடத்தும் இன்னொரு பிரிட்டிஷ் அமைப்பான ஏபிஆர்எஸ்எம், இரண்டிலும் கிரேடு 8 வரை இருக்கிறது. ஏபிஆர்எஸ்எம்மில் கிரேடு 6-க்குப் போகும் முன் பொதுவாகக் கிரேடு 5 தியரி, அதாவது இசை இலக்கணத் தேர்வு, தேறியிருக்க வேண்டும். டிரினிட்டியில் அந்த நிபந்தனை இல்லை. தேர்வுக் கட்டணம் மாத ஃபீஸில் சேராது, அதைத் தனியாக எடுத்துவைக்க வேண்டும். நான் எல்லாரிடமும் கேட்டது ஒன்று: "போன வருஷம் தேர்வுப் பாட்டுகளைத் தவிர பிள்ளைகள் வேறு என்னென்ன வாசித்தார்கள்?" மியூசிக் ஸ்கூலில் இதற்குப் பதில் வரவில்லை. வருஷம் முழுக்க மூன்று உருப்படியையே உருட்டினால் சான்றிதழ் வரும். ஆனால் பிள்ளையால் புதிதாக ஒரு தாளை வைத்துப் பார்த்து வாசிக்க முடியாது.

அப்புறம் நம் ஊர் மழை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது தெருவெல்லாம் வெள்ளம். அந்த மாதிரி விட்டுப்போன கிளாஸை ஈடு செய்வார்களா என்று சேரும் முன்பே கேளுங்கள். மியூசிக் ஸ்கூலில் மாட்டோம் என்றார்கள். முத்தியால்பேட்டை அம்மா, "நான் லீவு விட்டாலும் மழையால நின்னாலும் இன்னொரு நாள் வரலாம், நீங்களா வராம இருந்தா இல்லை" என்றார். தெளிவான பேச்சு.

அவரிடமே சேர்த்தோம். மியூசிக் ஸ்கூலைவிட மாதம் 600 ரூபாய் அதிகம், ஸ்கூட்டர் பெட்ரோல் தனி. வாரத்தில் மற்ற ஆறு நாளும் வீட்டில் தினம் இருபது நிமிடம் உட்கார வேண்டும் என்பது அவர் போட்ட ஒரே கட்டளை. அதற்காகக் கனமான கட்டைகள் உள்ள 88 கட்டை டிஜிட்டல் பியானோ ஒன்றுக்குச் சீட்டுப் பணம் வரக் காத்திருக்கிறோம். அதுவரை இரவல் கீபோர்டில்தான் பயிற்சி. நேற்று ராத்திரி சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் தானாகவே நிறுத்தினாள், "படுத்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டாள், அந்த வரியை மட்டும் திரும்ப வாசித்தாள்.