விடுதி அறைக்குப் பாட்டு ஸ்பீக்கர்: அலெக்சா வேண்டாம், ஒயர் போதும்

கல்லூரி விடுதிக்குப் போகும் பிள்ளைக்குப் பாட்டுக் கேட்க என்ன வாங்கலாம் என்று கடையில் கேட்டால், முதலில் எடுத்து நீட்டுவது அலெக்சா பேசும் அமேசானின் எக்கோ டாட், கூகுளின் நெஸ்ட் மினி போன்ற ஸ்மார்ட் ஸ்பீக்கரைத்தான். வீட்டுக்கு அவை நல்ல பொருள்கள். விடுதி அறைக்கு மட்டும் வாங்காதீர்கள். விடுதி வை-ஃபை அவற்றை ஒழுங்காக வேலை செய்ய விடாது.

வீட்டு ரௌட்டருக்கு ஒரு பாஸ்வேர்டு கொடுத்தால் முடிந்தது. கல்லூரி நெட்வொர்க் பெரும்பாலும் அப்படி இருக்காது. சில இடங்களில் இணைந்ததும் பிரவுசரில் ஒரு பக்கம் திறந்து பதிவெண்ணும் பாஸ்வேர்டும் கேட்கும். வேறு சில இடங்களில் வை-ஃபை அமைப்பிலேயே ஆளுக்கொரு பயனர்பெயர் கொடுக்க வேண்டும். திரையோ பிரவுசரோ இல்லாத குட்டி ஸ்பீக்கர் பெரும்பாலும் இந்த வாசலிலேயே நின்றுவிடும். எப்படியோ உள்ளே நுழைத்துவிட்டாலும் அடுத்த தடை காத்திருக்கிறது: ஒரே வை-ஃபையில் உள்ள கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி பூட்டி வைப்பது கல்லூரிகளில் வழக்கம். பாதுகாப்புக்கு அது சரியான ஏற்பாடுதான். ஆனால் போனிலிருந்து ஸ்பீக்கருக்குப் பாட்டை அனுப்பும் காஸ்ட் பொத்தானைத் தொட்டால் பட்டியல் காலியாக வரும், ஆப்பிளின் ஏர்பிளேயும் அப்படியே.

ஹாட்ஸ்பாட்டில் ஓட்டலாமே என்பார்கள். ஹாட்ஸ்பாட் தரும் போன் மெஸ்ஸுக்குக் கிளம்பினால் அறைத்தோழருக்குப் பாட்டு நின்றுவிடும். விடுதி வை-ஃபையை வாங்கி அறைக்குத் தனி வை-ஃபையாகத் தரும் குட்டி டிராவல் ரௌட்டர் வைத்தால் எல்லாம் சரியாகும், உண்மைதான். ஆனால் தனி ரௌட்டர் வைக்கக் கூடாது என்ற விதி இருக்கிறதா என்று வார்டனிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஐந்தாம் தலைமுறை எக்கோ டாட்டில் ஒயர் செருகும் 3.5 மி.மீ. ஆக்ஸ் துளையும் இல்லை, நான்காம் தலைமுறையோடு அது போய்விட்டது. மிச்சமிருப்பது புளூடூத். அதற்கு மட்டும் என்றால் அந்தக் காசுக்கு இதைவிட நல்லது கிடைக்கும்.

ஆக, பாட்டை இணையத்திலிருந்து இழுக்கும் வேலையைப் போனுக்கும் லேப்டாப்புக்கும் விட்டுவிடுங்கள். விடுதி வை-ஃபையில் நுழைய அவற்றுக்குத்தான் தெரியும். காசு முழுவதையும் ஸ்பீக்கரில் போடுங்கள்.

மேசை மேல் வைக்கும் சின்ன ஜோடிகளில் பெரும்பாலானவர்களுக்குப் போதுமானது கிரியேட்டிவ் பெபிள். பந்து போன்ற இரண்டு ஸ்பீக்கர்கள், ஒலி வரும் முகம் 45 டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வு அலங்காரத்துக்காக வைத்தது என்று நினைக்க வேண்டாம். மேசையில் தாழ்வாக இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து ஒலி நேரே காதுக்கு வர அதுதான் வழி செய்கிறது. முதல் மாடல் பெரும்பாலும் இரண்டாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். மொத்தம் 4.4 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய திறன்); மின்சாரம் யு.எஸ்.பி.யிலிருந்து, ஒலி 3.5 மி.மீ. ஒயரிலிருந்து. வி2 மாடல் 8 வாட். வி3 மாடலில் புளூடூத்தும் யு.எஸ்.பி. வழி ஒலியும் உண்டு. 4 வாட்டா என்று முகம் சுளிக்க வேண்டாம். இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கு ஒரு வாட்டே தாராளம். பெட்டியில் 'பி.எம்.பி.ஓ. ஆயிரக்கணக்கான வாட்' என்று அச்சடித்திருந்தால் அந்த எண்ணை அப்படியே மறந்துவிடுங்கள், அது மிகைப்படுத்திய உச்சக் கணக்கு. ஒப்பிடத் தகுந்த எண் ஆர்.எம்.எஸ். மட்டும்தான்.

பெபிளில் குரல், வயலின், வீணை, புல்லாங்குழல் எல்லாம் தெளிவு. குறை கீழ் ஸ்வரங்களில். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இதனிடம் சரக்கு கிடையாது. பேஸ் கிதாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. பெபிளில் அந்த அடிநாதம் கேட்காது, அதன் மேல் ஸ்வரங்களை வைத்துக் காது ஊகித்துக்கொள்ளும். கானா, குத்துப் பாட்டு, எலக்ட்ரானிக் இசை என்று கேட்பவர்களுக்கு ஏமாற்றம்தான். ஈக்வலைசரில் பாஸை, அதாவது கீழ் ஸ்வரங்களை, தூக்கிப் பார்க்கலாம் என்று தோன்றும். வேண்டாம். 2 அங்குல ஸ்பீக்கர் அந்தச் சுமையைத் தாங்காது, பாடுபவர் குரலும் சேர்ந்து கரகரக்கும்.

முதல் மாடலிலும் வி2விலும் அடிக்கடி வரும் புகார் ஒரு மெல்லிய இரைச்சல்: பாட்டு இல்லாதபோதும் 'ஸ்ஸ்' என்றோ, மவுஸை நகர்த்தினால் 'கிர்ர்' என்றோ கேட்கும். ஸ்பீக்கர் கெட்டுப்போனது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். மின்சாரமும் ஒலியும் ஒரே லேப்டாப்பிலிருந்து இரண்டு ஒயரில் போவதால் எர்த் இணைப்பு ஒரு வளையமாகிவிடுகிறது. லேப்டாப்பின் உள் மின்சத்தம் அந்த வளையத்தில் ஏறி ஒலியோடு கலக்கிறது. யு.எஸ்.பி. முனையை லேப்டாப்பிலிருந்து கழற்றி, சும்மா கிடக்கும் ஒரு பழைய போன் சார்ஜரில் செருகுங்கள். பெரும்பாலும் அத்தோடு இரைச்சல் போய்விடும். வி2வுக்கு 5 வோல்ட் 2 ஆம்பியர் சார்ஜராகக் கொடுங்கள். அப்படியும் போகாவிட்டால் 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்ற சின்ன டப்பாவை 3.5 மி.மீ. ஒயரின் நடுவே போடலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் பெயர் சொல்லிக் கேட்டாலே எடுத்துத் தருவார்கள். வி3யை யு.எஸ்.பி.யில் ஓட்டினால் ஒலியும் மின்சாரமும் ஒரே ஒயரில் போவதால் இந்த வளையம் உண்டாவதில்லை. கூடுதல் காசுக்கு வி3 வாங்குவதானால் அதற்கு இதுவே முதல் காரணம், புளூடூத் இரண்டாவதுதான்.

இன்னும் செலவழிக்க முடிந்தால் எடிஃபையர் ஆர்1280டி (R1280T). கீழ் ஸ்வரங்களுக்கு நான்கு அங்குல வூஃபர், மேல் ஸ்வரங்களுக்கு 13 மி.மீ. பட்டு ட்விட்டர், பக்கத்துக்கு 21 வாட், மரப்பெட்டி, பக்கவாட்டில் பாஸ், டிரெபிள் திருகுகள், ரிமோட். இங்கேதான் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் உடம்போடு கேட்கத் தொடங்கும். புளூடூத் இதில் கிடையாது. அது வேண்டுமானால் ஆர்1280டிபி (R1280DB). இரண்டு ஆர்.சி.ஏ. இணைப்புகள் இருப்பதால் லேப்டாப் ஒன்றிலும் போன் ஒன்றிலும் நிரந்தரமாகக் கிடக்கலாம், பிடுங்கிப் பிடுங்கிச் செருக வேண்டாம். இடம் அடைக்கும் என்பதுதான் சிக்கல்: ஒவ்வொன்றும் ஒன்பது அங்குலத்துக்கு மேல் உயரம். பாடப்புத்தகமும் லேப்டாப்பும் பரப்பிய விடுதி மேசையில் வைக்க முடியுமா என்று அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இணைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆர்1280டியில் ஆம்பிளிஃபயர் வலது பெட்டியில் இருக்கிறது. இடது பெட்டிக்கு இரண்டு இழை ஒயர் போகும். ஒரு முனையில் சிவப்புக்குப் போன இழை மறுமுனையிலும் சிவப்புக்கே போக வேண்டும். மாறிவிட்டால் ஸ்பீக்கர் கெடாது, ஆனால் பாஸ் காணாமல் போகும், பாடகர் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கரைந்து கேட்கும். 'புது ஸ்பீக்கரில் பாஸே இல்லை' என்ற மதிப்புரைகளில் சில இந்த ஒயர் மாறியதால் வந்தவையாகத்தான் இருக்க வேண்டும்.

ஜே.பி.எல். கோ போன்ற கைக்கடக்கமான புளூடூத் பெட்டிகள் வேறு தேவைக்கு. துணி துவைக்கும் இடம், மொட்டை மாடி, டூர் பஸ் என்றால் எடுத்துப் போகலாம். கோ 3க்கு ஒரு சார்ஜில் 5 மணி நேரம், தண்ணீர் பட்டாலும் கெடாது. ஆனால் ஒரே ஸ்பீக்கர் என்பதால் ஸ்டீரியோ இல்லை. எம்.எஸ்.விஸ்வநாதனின் அறுபதுகளுக்கு இது இழப்பே அல்ல, அந்தப் பாடல்கள் மோனோவில் பதிவானவைதான். இளையராஜாவின் எண்பதுகளுக்கோ ரஹ்மானுக்கோ வந்தால் இடம் வலம் என்று பிரித்து வைத்த வாத்தியங்கள் ஒரே குவியலாகிவிடும். பேட்டரிக்கும் ஆயுள் உண்டு; மேசையில் எப்போதும் சார்ஜரில் கிடக்கப் போகும் ஸ்பீக்கருக்குள் பேட்டரி எதற்கு?

சப்வூஃபருடன், அதாவது பாஸுக்கென்றே ஒரு தனிப் பெட்டியுடன், வரும் 2.1 செட்டுகளைப் பற்றி ஒரே வார்த்தை: பக்கத்து அறை. பத்தடி நீள அறையில் 56 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி சுவருக்குச் சுவர் மோதிப் பெருகும். மூலையில் வைத்த சப்வூஃபர் அதைத்தான் ஊதிவிடும். உள்ளே கேட்பவருக்குக் கும்மென்ற ஒரே ஸ்வரம், சுவருக்கு அப்பால் படிப்பவருக்குத் தலைவலி.

புளூடூத்தா ஒயரா என்றால் மேசையில் ஒயர்தான். விடுதியில் நூறு போன்களும் வை-ஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நெரிபடும்போது புளூடூத்தும் அதற்குள்தான் வழி தேட வேண்டும். மாலை நேரத்தில் பாட்டு வெட்டி வெட்டி வருவதற்குக் காரணம் அதுதான். போனை 5 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபைக்கு மாற்றினால் ஓரளவு குறையும். புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாகவும் வரும்; கேம் ஆடினால் சுட்ட பிறகுதான் சத்தம் கேட்கும். புளூடூத் வழியே 'லாஸ்லெஸ்' (ஒலியில் எதையும் இழக்காத தரம்) கேட்பதும் வீண்: சி.டி. தரம் நொடிக்கு 1,411 கிலோபிட், ஒலியைச் சுருக்கி அனுப்பும் புளூடூத்தின் அடிப்படை எஸ்.பி.சி. முறையோ 328 கிலோபிட்டை ஒட்டியே நின்றுவிடும். லாஸ்லெஸ் சந்தாவுக்குக் கூடுதல் காசு கொடுப்பதற்கு முன் ஸ்பீக்கரை ஒயரில் போடுங்கள்.

போனில் ஆக்ஸ் துளை இல்லாவிட்டால் டைப்-சி டாங்கிள் வேண்டும். இதில் இரண்டு வகை. பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். மிக மலிவானதில் உள்ளே வெறும் ஒயர்தான், பல போன்களில் சத்தமே வராது. டி.ஏ.சி. (டிஜிட்டல் தரவை ஒலியாக மாற்றும் சிப்) உள்ளது என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். ஆப்பிளின் டாங்கிள் நன்றாகவே இருக்கும், ஆனால் சில ஆண்ட்ராய்டு போன்களில் அதன் சத்தம் மிகக் குறைவாக வருவது தெரிந்த கோளாறு.

டேட்டா கணக்கு எளிது. 320 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 144 எம்.பி.; 160 கிலோபிட்டில் 72 எம்.பி. நாளுக்கு 1.5 ஜி.பி. பேக்கில் உயர்தரத்திலேயே பத்து மணி நேரம் ஓடும். யூடியூபில் வீடியோவாக ஓட்டினால் மட்டும் பல மடங்கு தின்னும். இரவில் வை-ஃபை நிறுத்தும் விடுதி என்றால் டவுன்லோடு வசதியுள்ள சந்தா உதவும். டவுன்லோடு தரும் ஸ்பாட்டிஃபை பிரீமியம் திட்டத்தில் ஒரு கருவியில் 10,000 பாடல் வரை இறக்கி வைக்கலாம், 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தோடு இணைத்தால் போதும். மாணவர் சந்தா இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்பாட்டிஃபை அமைப்பில் ஒலி அளவு 'லௌட்' என்று இருந்தால் 'நார்மல்' ஆக்குங்கள். லௌடில் உச்சங்களை நசுக்கித்தான் சத்தத்தை ஏற்றுகிறது.

வீட்டில் திரை கீறிய பழைய ஆண்ட்ராய்டு போன், ஆக்ஸ் துளையுடன் கிடக்கிறதா? அதுவே இந்த அறைக்கான ஸ்ட்ரீமர், அதாவது பாட்டை இணையத்திலிருந்து இழுக்கும் கருவி. ஸ்பீக்கரோடு நிரந்தரமாகச் செருகி, சிம் இல்லாமல், விடுதி வை-ஃபையில் உள்நுழைந்து, உங்கள் ஸ்பாட்டிஃபை கணக்கைத் திறந்து வையுங்கள். பிறகு கையில் உள்ள போனில் கருவிகள் பட்டியலைத் திறந்தால் பழைய போன் தெரியும். கட்டிலில் படுத்தபடியே பாட்டை மாற்றலாம். கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாத நெட்வொர்க்கிலும் இது நடக்கும், ஏனெனில் இரண்டும் ஒரே கணக்கில் இருப்பதால் கட்டளை ஸ்பாட்டிஃபையின் சர்வர் வழியாகப் போய் வருகிறது. பாட்டு நடுவே வாட்ஸப் மணி அடிக்காது, அழைப்பு வந்தாலும் நிற்காது. ஒரு எச்சரிக்கை: எந்நேரமும் சார்ஜரில் கிடக்கும் பழைய பேட்டரி உப்பிவிடக் கூடும். சார்ஜ் வரம்பு 80 சதவீதம் வைக்கும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். பின்மூடி கொஞ்சம் தூக்கிக்கொண்டு தெரிந்தாலும் அந்தப் போனை அன்றே அப்புறப்படுத்துங்கள்.

ஸ்பீக்கர்கள் இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரத்தில் தலை இருக்கட்டும். சுவரை ஒட்டி வைத்தால் பாஸ் கூடும். பெபிளுக்கு அது நன்மை, எடிஃபையருக்கு ஒரு சாண் இடைவெளி விடுங்கள். அடியில் பழைய ஹவாய் செருப்பை வெட்டிய துண்டு நான்கு வைத்தால் மேசை அதிர்வது அடங்கும். இரும்பு பீரோவின் மேல் மட்டும் வைக்காதீர்கள், கதவும் பூட்டும் கூடவே தாளம் போடும்.

வந்த அன்றே மூன்று சோதனை. இடம் வலம் சரியாக இருக்கிறதா என்று ஸ்டீரியோ டெஸ்ட் ஒன்றை ஓட்டுங்கள். பாட்டை நிறுத்தி, சத்தத்தை முழுதாகத் திறந்து, ஓரடி தள்ளிக் காது வைத்து இரைச்சல் பாருங்கள். பிறகு சத்தத்தைக் குறைத்து 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஏறும் டோன் ஒன்றைப் போட்டு எங்காவது கடகடவென்கிறதா என்று கேளுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடியும் வரை அட்டைப்பெட்டியையும் தெர்மகோலையும் தூக்கிப் போட வேண்டாம். செமஸ்டர் முடிந்து அறையைக் காலி செய்யும்போது ஸ்பீக்கரை ஊருக்கு எடுத்துப் போகவும் அவை வேண்டும்.