அதிர்வுத் தட்டு: மாதக்கணக்கில் பயன்படுத்தினால் தெரிவது

வைப்ரேஷன் பிளேட், அதாவது ஏறி நின்றால் அதிரும் உடற்பயிற்சி மெஷினில் சும்மா நின்றால் தசை வளராது. கடையில் வேறு மாதிரி சொல்வார்கள், அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அறுபது தாண்டியவர்கள் விடாமல் செய்தால் தேறுவது கால் பலம். கையூன்றாமல் நாற்காலியை விட்டு எழ வரும். கெண்டைக்காலை டேப் வைத்து அளந்தால் பெரிய மாற்றம் இருக்காது. ஆய்வுகளும் ஏறக்குறைய இதையேதான் காட்டுகின்றன.

மலிவான மெஷினில் திரையில் தெரியும் '99' வெறும் வேக எண், ஹெர்ட்ஸ் (வினாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற கணக்கு) இல்லை. ஆள் ஏறி நின்றதும் பலவற்றில் வேகமும் வீச்சும் (தட்டு ஏறி இறங்கும் அளவு) இறங்கிவிடும். ஒருவரை நிற்கவைத்து, பாதத்துக்குப் பக்கத்தில் போனை வைத்து, அதிர்வு அளக்கும் ஆப்பில் பத்து வினாடி பார்த்தால் உண்மை தெரியும். இடம் வலமாக மாறி மாறி ஆடும் தட்டில் 12 ஹெர்ட்ஸில் தொடங்கி, சில வாரங்களில் 20 தாண்டலாம். ஒரு நிமிடம் ஆட்டம், ஒரு நிமிடம் ஓய்வு, ஐந்து சுற்று, வாரம் மூன்று நாள் போதும்.

நிற்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. முழங்காலை விறைப்பாக வைத்தால் அதிர்வு நேரே தலைக்கு ஏறும். பல் கிடுகிடுக்கும், கண் மங்கும். முழங்காலை லேசாக மடக்கி, எடையை முன்பாதத்துக்குக் கொண்டுவந்தால் தொடை அதை வாங்கிக்கொள்ளும். பழகியதும் அதே நிலையில் மெதுவாக உட்கார்ந்து எழ வேண்டும். முதல் வாரம் தொடை அரிக்கும், பயமில்லை. மே மாதச் சென்னையில் வியர்வை சொட்டித் தட்டு வழுக்கும்; துண்டும் கைப்பிடியும் கட்டாயம்.

அடுக்குமாடி என்றால் கீழ்வீட்டுக்குக் கேட்கும், அடியில் தடித்த ரப்பர் பாய் போடுங்கள். பெசன்ட் நகர் போலக் கடற்காற்று அடிக்கும் இடங்களில் போல்ட் துருப்பிடிக்கும். 'கடகட' சத்தம் புதிதாக வந்தால் அடிக்கால் ரப்பரையும் போல்ட்டையும் பாருங்கள்.

சாப்பாட்டை விட்டால் உழைப்பு வீண். முதியவர்களுக்கு எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. 60 கிலோ என்றால் 60 முதல் 72 கிராம். நாலு இட்லி சாம்பாரில் பத்துப் பன்னிரண்டு கிராம் வந்தாலே அதிகம். முட்டை, தயிர், சுண்டல் சேர வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

பேஸ்மேக்கர், கால் ரத்தக்குழாயில் ரத்த உறைவு, அண்மையில் எலும்பு முறிவு, விழித்திரைக் கோளாறு, சிறுநீரகக் கல் இருந்தால் ஏறவே வேண்டாம்.

மாதம் ஒருமுறை நாற்காலியில் ஐந்து தடவை உட்கார்ந்து எழுந்து, ஆன வினாடியைக் காலண்டரில் குறியுங்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கால் செயல்திறன் குறைவு என்பது முதுமைத் தசையிழப்பை ஆராயும் ஆசிய நிபுணர் குழுவின் 2019 அளவுகோல். மூன்று மாதமாகியும் அந்த எண் அசையவில்லை என்றால் தட்டில் நிற்கும் நேரத்தைக் கூட்டாதீர்கள், உட்காரும் ஆழத்தைக் கூட்டுங்கள்.