பித்தளை என்று விற்கிற ஆங்கிள் வால்வ்: வாங்க முன் சுரண்டிப் பாருங்கள்

கொழும்பில் குழாய்ச் சாமான் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். பேசினுக்குக் கீழே சுவரோடு வரும் ஆங்கிள் வால்வ் (angle valve) இருக்கிறதே, குரோம் பூசிய துத்தநாகக் கலவையில் செய்ததைப் பித்தளை என்று சொல்லி விற்கிறார்கள். எனக்கு விற்றது பழைய சோனகத் தெருப் பக்கத்தில் ஒரு ஹாட்வெயார் கடை.

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டில் பழைய வால்வ் சொட்டத் தொடங்கியிருந்தது. இவ்வளவு சின்ன வேலைக்கு குழாய் வேலை செய்யும் பாஸ்மார் இன்று நாளை என்று இழுப்பார்கள் என்பதால் நானே மாற்றினேன். வாங்கும்போது பித்தளைதானா என்று கேட்டேன். "ஒறிஜினல் பித்தளை தம்பி, இனி உங்கட பிள்ளைகள்தான் மாத்தோணும்" என்றார் கடைக்காரர். விலையும் பித்தளை விலைதான். சில வாரங்களில் ஒரு நாள் இரவு, யாரும் கை வைக்காமலே அதன் கழுத்து முறிந்து தண்ணீர் பீறிட்டது. முறிந்த இடத்தில் மஞ்சள் நிறம் துளிகூட இல்லை. சாம்பல் நிறத்தில் பொருபொருவென்று இருந்தது.

அடுத்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. தண்ணீரை நிறுத்த ஓடினால், தாழ்வாரத்தில் எங்கள் மாடிக்குரிய கேட் வால்வ் திரும்பவே இல்லை. துருவேறி இறுகிவிட்டது. இதைப் பற்றி முகாமைத்துவத்துக்கு முன்பே கடிதம் கொடுத்திருந்தோம். பராமரிப்புப் பணம் மட்டும் மாதம் தவறாமல் வாங்குகிறார்கள். காவலாளி மொட்டைமாடிக்கு ஏறித் தாங்கியை மூடும்வரை தண்ணீர் ஓடியது. கீழ்வீட்டு அக்காவின் சீலிங் ஊறி, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற மகளின் கொப்பிகள் எல்லாம் நாசம். அந்தப் பிள்ளை அழுததைப் பார்க்க முடியவில்லை.

உடைந்த துண்டுகளோடு கடைக்குப் போனேன். "கூட இறுக்கியிருப்பீங்கள்" என்று கையை விரித்துவிட்டார். பில்லில் 'வால்வ் 1' என்று மட்டும்தான் இருந்தது. ஆகவே வாங்கும்போதே பித்தளை என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அங்கே வாங்காதீர்கள்.

சோதிப்பது சுலபம். மரை இருக்கிற பக்கத்தைச் சாவியால் அழுத்திச் சுரண்டுங்கள். பித்தளை என்றால் மஞ்சள் தெரியும், துத்தநாகம் என்றால் வெள்ளை கலந்த சாம்பல். கையில் தூக்கினாலும் பித்தளை கனமாக இருக்கும். காந்தம் வைத்துப் பார்ப்பது வீண், இரண்டிலுமே அது ஒட்டாது. துத்தநாகக் கலவை தண்ணீரில் உள்ளிருந்தே அரிபடும், அதுவும் மரை வெட்டிய மெல்லிய இடத்தில். அதனால்தான் முதல் நாள் எந்தக் குறையும் தெரிவதில்லை.

நான் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்களின் தொலைபேசி 1977. முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். உடைந்த துண்டை வீசிவிடாதீர்கள்.

கேட் வால்வ் விஷயத்தில் நீர் வழங்கல் சபையின் 1939க்கு அழைத்துப் பயனில்லை, மீற்றருக்கு இந்தப் பக்கம் அவர்கள் பொறுப்பல்ல. பிளாட்டின் பொதுக் குழாய்கள் முகாமைத்துவத்தின் பொறுப்பு. அந்த வால்வை வருடத்தில் ஓரிரு தடவை மூடித் திறந்திருந்தாலே இப்படி இறுகியிருக்காது. இப்போது கேட்டால் அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்கிறார்கள். ஒவ்வொரு மாடிக்கும் புதிதாக பந்து வால்வ் (ball valve) போடவும், கீழ்வீட்டு அக்காவின் சீலிங் செலவைத் தரவும் கேட்டு எல்லா வீட்டாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.