அச்சு முறுக்கு அச்சு: பித்தளையா, இரும்பா, நான்ஸ்டிக்கா?

கிறிஸ்துமஸ் வாரத்தில் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து வீடுகளில் முந்திரிக்கொத்தும், பூ வடிவ அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிக்கும் அச்சு முறுக்கும் அடுத்தடுத்து அடுப்பேறும். முந்திரிக்கொத்து பிசகினால் உருண்டை கொஞ்சம் பிரியும், ருசியில் குறையிருக்காது. அச்சு முறுக்கு பிசகினால் மாவு அச்சில் ஏறவே ஏறாது, ஏறினால் இறங்காது. உடனே பழி மாவின் மேல்தான் விழும். இன்னொரு முட்டை உடைப்பார்கள், மைதா சேர்ப்பார்கள், பால் ஊற்றுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது கையிலிருக்கும் அச்சை. பண்டிகைக்கு முன் கடைகளில் தொங்கும் அச்சுகளில் எதை வாங்கலாம், எதைத் தொடவே வேண்டாம் என்பதைச் சொல்லத்தான் இது.

அச்சு முறுக்கு அச்சுக்கு இரண்டு வேலை. மாவுக்குள் இறங்கும்போது பிடிக்க வேண்டும், எண்ணெய்க்குள் போனதும் விட வேண்டும். சூடேறிய உலோகம் மாவில் பட்டதும் அதையொட்டிய மெல்லிய படலம் வெந்து இறுகுகிறது. அந்தப் படலம்தான் மற்ற மாவைத் தாங்கிக்கொண்டு எண்ணெய் வரை வருகிறது. எண்ணெயில் மாவு வெந்து, ஈரம் ஆவியாகி வெளியேறும்போது பிடி தளர்ந்து முறுக்கு கழன்று விழுகிறது. நல்ல அச்சு என்றால் இந்த இரண்டையும் நாற்பது தடவை சலிக்காமல் செய்ய வேண்டும்.

அதனால்தான் நான்ஸ்டிக் பூச்சு போட்ட அச்சு இந்த வேலைக்கு ஆகாது. ஒட்டாமல் இருப்பது தோசைக்கல்லுக்கு நல்லது. இங்கே முதலில் ஒட்டினால்தான் பண்டமே உண்டு. பூச்சுள்ள அச்சை மாவில் தோய்த்துத் தூக்கினால் மாவு ஒரு பக்கம் ஏறும், மறுபக்கம் வழுக்கிப் பாத்திரத்திலேயே விழும். அடம்பிடிக்கும் முறுக்கைக் குச்சியால் நெம்பும்போது பூச்சு சுரண்டும். ஈரம் காயட்டும் என்று சிலர் அச்சை நேராகத் தீயில் காட்டுவார்கள். அந்தச் சூட்டில் பூச்சு கெட்டுப் புகையும். பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை வளைத்துச் செய்த அச்சும் வருகிறது. தகடு மெல்லியது, சூடு நிற்காது. மாவுக்குள் போன மறுநொடியே ஆறிவிடும். அதுவும் வேண்டாம்.

அலுமினிய அச்சு அவ்வளவு மோசமில்லை. எடை குறைவு, கை வலிக்காது, எண்ணெயில் வைத்ததும் சீக்கிரம் சூடேறும். ஆனால் பிடித்து வைத்திருக்கும் சூடு பித்தளையைவிடக் குறைவு. மாவுப் பாத்திரத்தில் ஒரு நொடி கூடுதலாக நின்றால் பிடி தளர்ந்துவிடும். வேகமாகத் தோய்த்து வேகமாகத் தூக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது போதும். வருஷத்தில் ஒரே ஒரு தடவை, ஒரு படி மாவுக்குள் செய்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம்.

வார்ப்பிரும்பு சூட்டைப் பிடித்து வைப்பதில் கெட்டி. நன்றாகப் பழகிவிட்டால் தட்டக்கூட வேண்டியதில்லை, முறுக்கு தானாக இறங்கும். தொல்லை இரண்டு. முதல் சூடு ஏற நேரமாகும். அடுத்தது துரு. ஒருநாள் ஈரத்தோடு அலமாரியில் வைத்தால் அடுத்த பண்டிகைக்குள் செம்பழுப்பாகிவிடும். தேய்த்துத் துருவை எடுத்துவிட்டு முதலிலிருந்து பழக்க வேண்டும். இரும்புத் தோசைக்கல்லை ஒழுங்காகப் பராமரிக்கிற வீட்டுக்கு இது சரி.

பித்தளை அச்சுதான் எங்கள் தேர்வு. வெண்கலமும் இதே ரகம்தான். கேரளத்தில் மான்னார் போன்ற வார்ப்பு ஊர்களின் பாத்திரங்கள் வரும் கடைகளில் இரண்டும் கிடைக்கும். சூடு ஏறுவது இரும்பைவிட வேகம், நிற்பது அலுமினியத்தைவிட அதிகம், துரு கிடையாது. மலேசியாவில் இந்தப் பண்டத்துக்குக் குவே லோயாங் என்றே ஒரு பெயர் உண்டு. மலாயில் லோயாங் என்றால் பித்தளை. பண்டத்துக்குப் பெயர் கொடுக்கும் அளவுக்கு இந்த உலோகம் இதற்குப் பொருந்திப்போயிருக்கிறது. இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுத் தட்டில் வைக்கும் கொக்கிஸுக்கும் இதே மாதிரி அச்சுதான். அதில் மஞ்சள் சேரும், இனிப்பு பெரும்பாலும் இருக்காது.

பித்தளை என்று சொல்லி விற்பதெல்லாம் ஒன்றல்ல. கடையில் நின்று பார்க்க வேண்டியவை சில உண்டு. அச்சைக் கல்லாப்பெட்டி மேசையில் கவிழ்க்காமல் அப்படியே நிறுத்தி விரலால் தட்டுங்கள். ஆடக்கூடாது. அடிவிளிம்பு ஏற்றத்தாழ்வாக இருந்தால் ஒரு பக்கம் மாவில் அதிகம் முங்கி மேல்விளிம்பைத் தாண்டும், மறுபக்கம் பாதிதான் நனையும். பிறகு இதழின் வெளிச்சுவரை மேலிருந்து கீழே விரலால் தடவுங்கள். கீழே வரவர அச்சு கொஞ்சம் ஒடுங்க வேண்டும். முறுக்கு கழல்வது கீழ்நோக்கித்தான்; அடி அகன்ற அச்சில் அது சிக்கிக்கொள்ளும். வார்ப்பின் சொரசொரப்போ கூரான பிசிறோ விரலில் தட்டினால் வேறு அச்சு எடுங்கள். அந்தப் பிசிறு ஒவ்வொரு முறுக்கையும் பிடித்து இழுக்கும்.

இதழுக்கும் நடு வட்டத்துக்கும் இடையே சுண்டுவிரல் நுனி நுழைய வேண்டும். அதைவிட நெருக்கமான வேலைப்பாடு பார்க்க அழகாக இருக்கும். மாவு இடைவெளியை மூடிக்கொள்ளும், அந்த இடம் மட்டும் மொறுமொறுப்பு ஏறாமல் மெத்தென்று கிடக்கும். குழந்தைகள் நட்சத்திரமும் பட்டாம்பூச்சியும்தான் கேட்பார்கள். வாங்கிக் கொடுங்கள், பண்டிகைக்கு அது இல்லாமல் எப்படி! ஆனால் முதல் அச்சாக ரோஜா வடிவமே இருக்கட்டும். வளைந்த இதழில் முறுக்கு சுலபமாகக் கழலும். கூர்முனைகளில் மாவு தங்கி ஒடியும்.

காம்பு இன்னொரு முக்கியமான சங்கதி. அச்சும் காம்பும் ஒன்றாக வார்த்ததோ, ஆணி அடித்து இறுக்கியதோ நல்லது. ஒரே கைப்பிடியில் பல வடிவங்களைத் திருகி மாற்றும் செட்டுகள் பெட்டியில் கவர்ச்சியாக இருக்கும். சூட்டில் விரிந்து, தட்டத் தட்ட மரை தளர்ந்து, அச்சு எண்ணெய்க்குள் விழும் ஆபத்து அதில் உண்டு. செட்டுதான் வேண்டுமென்றால் பத்து முறுக்குக்கு ஒருதரம் அடுப்பை விட்டுத் தள்ளி, துணியால் பிடித்து இறுக்குங்கள். காம்பு ஒரு சாணுக்குக் குறையக் கூடாது, நுனியில் மரப்பிடி இருக்க வேண்டும். பித்தளைப் பாத்திரத்துக்கு எடைக்குத்தான் விலை என்பதால் தராசில் போட்டே கேளுங்கள். ஒரே அளவுள்ள இரண்டில் கனமானதை எடுங்கள்.

ஒரு காம்பில் இரண்டு மூன்று பூ சேர்ந்த அச்சு நூற்றுக்கணக்கில் செய்து விற்பவர்களுக்கானது. வீட்டு வாணலியில் அதை இறக்கினால் எண்ணெய்ச் சூடு சட்டென்று இறங்கிவிடும். மூன்றில் ஒன்று கழலாமல் நிற்க, மற்ற இரண்டும் கருகும்.

வாங்கிய அன்றே அடுப்பில் ஏற்றாதீர்கள். பித்தளையைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். இரும்பாக இருந்தால் இரண்டு மூன்று நாள் அரிசி கழுவிய தண்ணீரில் போட்டு, தினமும் தண்ணீரை மாற்றி, கடைசியில் நன்றாகக் காய வையுங்கள். எந்த அச்சானாலும் அடுத்த படி ஒன்றே: முழுகும் அளவு எண்ணெயில் வைத்து, சிறு தீயில் 15 முதல் 20 நிமிடம் சூடாக்கி, அடுப்பை அணைத்து, இரவு முழுக்க அந்த எண்ணெயிலேயே விட்டுவிட வேண்டும். இவ்வளவு செய்தும் முதல் ஐந்தாறு முறுக்கு உடைந்துதான் வரும். அதைப் பார்த்து மாவில் கை வைக்க வேண்டாம், அச்சு பழகுகிறது என்று பொருள். உடைந்தவற்றுக்குச் சமையலறை வாசலில் சின்னக் கைகள் காத்திருக்கும்.

அச்சு நல்லதா என்று தெரிய மாவு சரியாக இருக்க வேண்டும், அதனால் அளவையும் சொல்லிவிடுகிறோம். பச்சரிசியை 2 மணி நேரம் ஊற வைத்து, வடித்து, துணியில் பரப்பி, கையில் ஈரம் லேசாகத் தெரியும் பதத்தில் இடித்து மெல்லிய சல்லடையில் சலித்த மாவு 2 கப். கெட்டித் தேங்காய்ப்பால் ஒன்றரை கப். முட்டை 1. பொடித்த சர்க்கரை அரை கப்பிலிருந்து முக்கால் கப்புக்குள். எள் 1 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. நடுத்தர அச்சில் 35 முதல் 40 முறுக்கு வரும். பாலை ஒரேயடியாக ஊற்றாமல் கடைசிக் கால் கப்பை நிறுத்தி வைத்துப் பதம் பார்த்துச் சேருங்கள். தோசை மாவைவிடக் கொஞ்சம் நீர்த்து, கரண்டியின் முதுகில் மெல்லிசாகப் படிய வேண்டும். முட்டை சேர்க்காத வீட்டில் ஒரு கப் அரிசி மாவுக்குக் கால் கப் மைதா கலந்தால் பிடிப்பு கிடைக்கும். மொறுமொறுப்பு ஒரு படி குறையும்.

சர்க்கரை முக்கால் கப்பைத் தாண்டினால் முறுக்கு வேகும் முன்பே சிவந்து அச்சில் ஒட்டும். முட்டை கூடினால் மொறுமொறுப்பு போய்ப் பஞ்சாகும். இடியாப்பத்துக்கு வறுத்து வைத்த மாவு பாலை அதிகமாக இழுக்கும், பதம் கைக்கு வராது.

வாணலி அகலமாக இருப்பதைவிடக் குழிவாக இருப்பது நல்லது. எண்ணெய் 2 அங்குல ஆழமாவது வேண்டும், சூடு 175 முதல் 180 டிகிரி செல்சியஸ். அச்சை எண்ணெயில் 5 நிமிடம் வைத்துச் சூடேற்றி, தூக்கி, சொட்டும் எண்ணெயை உதறி, அடியைப் பழைய காகிதத்தில் ஒரு ஒற்று ஒற்றி, மாவில் இறக்குங்கள். முக்கால் உயரம் வரைதான். மேல்விளிம்பைத் தாண்டி மாவு ஏறினால் மூடி போட்டது மாதிரி பூட்டிக்கொள்ளும், எந்த உலோகமானாலும் கழலாது. இறக்கும்போது காதைக் கொடுங்கள். மெல்லிய ‘சுர்’ கேட்டால் சூடு சரி. சத்தமே இல்லையென்றால் அச்சு ஆறியிருக்கிறது, மாவு வழுக்கிவிடும். படபடவென்று பொரிந்தால் சூடு மிஞ்சிவிட்டது. மாவு அச்சில் திட்டுத்திட்டாக ஏறும், பாத்திரத்து மாவிலும் வெந்த கட்டிகள் மிதக்கும். அப்படியானால் பத்து நொடி வெளியே பிடித்து ஆற விடுங்கள். எண்ணெயை உதறாமல் தோய்த்தாலும் மாவு பிடிக்காது. நடுவே ஒரு எண்ணெய்ப் படலம் நின்றுவிடுகிறது.

எண்ணெயில் இறக்கிய பிறகு உடனே ஆட்டாதீர்கள். எண்ணிக்கையைக் குழந்தைகளிடம் விடலாம், அடுப்பிலிருந்து தள்ளி நின்று சத்தமாக எண்ணட்டும். எட்டு, பத்து வரும்போது இதழோரம் இறுகியிருக்கும். அப்போது காம்பை மேலும் கீழும் லேசாக ஆட்டினால் முறுக்கு நழுவி மிதக்கும். அடம்பிடித்தால் ஈர்க்குச்சியால் ஓர் ஓரத்தை மட்டும் தொடுங்கள். ஒருமுறை திருப்பி, நுரை அடங்கி இளம்பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். எடுத்தவுடன் தொய்வாகத்தான் இருக்கும், ஆறும்போதுதான் முறுகும். அதற்குள் வேகவில்லை என்று திரும்ப எண்ணெயில் போட்டால் கசந்துபோகும். முறுக்கு கழன்றதும் அச்சை எண்ணெயிலேயே விட்டு வையுங்கள், அடுத்ததற்குள் சூடு மீண்டுவிடும். அரிசி மாவு அடியில் படியும், அதனால் ஒவ்வொரு தடவையும் கலக்கித்தான் தோய்க்க வேண்டும். பாதியில் மாவு இறுகினால் நிறுத்தி வைத்த பாலில் ஒரு கரண்டி விடுங்கள்.

நன்றாக ஆறிய பிறகு காற்றுப் புகாத டின்னில் அடுக்கினால் இரண்டு வாரம் நமுக்காது. வெதுவெதுப்போடு மூடினால் மறுநாளே நமுத்துவிடும்.

வேலை முடிந்ததும் அச்சுக்குச் சோப்பு போட வேண்டாம். சூடு தணிந்தவுடன் காகிதத்தால் அழுத்தித் துடைத்து, ஒட்டியிருக்கும் மாவை ஈர்க்குச்சியால் எடுத்து, எண்ணெய் தொட்டுத் துணியில் சுற்றி வையுங்கள். பித்தளையில் மாவு மிச்சமிருந்தால் அந்த இடத்தில் பச்சைக் களிம்பு ஏறும். அடுத்த வருஷம் எடுக்கும்போது களிம்பு தெரிந்தால் புளி போட்டு முழுக்க நீக்காமல் எண்ணெயில் இறக்கவே கூடாது. பழைய எண்ணெயின் காறல் வாடை வந்தால் வெந்நீரில் கழுவி, காய வைத்து, ஒரு இரவு மட்டும் மறுபடி எண்ணெயில் பழக்கினால் போதும்.

டிசம்பர் கடைசியில் கடைக்குப் போனால் நான்ஸ்டிக் அச்சும் தகட்டு அச்சும்தான் மிஞ்சியிருக்கும். தீபாவளி முடிந்த கையோடு, தட்டிப் பார்க்கவும் தடவிப் பார்க்கவும் கடைக்காரருக்குப் பொறுமை இருக்கும் நேரத்தில் போய் வாங்குங்கள்.